ரீப்ளே அட்டாக்: ‘பழஞ்செய்தித் தாக்குதல்’ என்று வைக்கலாமா?

வணக்கம். நம் சொற்பட்டியலில் ‘ரீப்ளே அட்டாக்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த கருத்துகளை மேற்கோளாக இட்டுப் பதில் சொல்கிறேன்.

> ‘மீள்தாக்குதல்’ போதும், சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா, ஆனால் பொருள் தப்புகிறது. ஒருமுறை தாக்கியவன் திரும்ப வந்து தாக்குகிறான் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ரீப்ளேயில் முதலில் போவது உண்மையான செய்தி. அதைப் பிடித்து வைத்திருந்து வேறொரு நேரத்தில் விடுகிறார்கள்.

நம் சொற்பட்டியல் மைக்ரோகிரிட் (தேவைப்பட்டால் தனித்து இயங்கும் சிறு மின்தொகுப்பு) பாதுகாப்புக்கானது, அங்கிருந்தே பார்ப்போம். ஒரு வளாகத்தில் சோலார், பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் மூன்றும் இருக்கின்றன. வெளி மின்தொகுப்பில் கோளாறு வந்தால் இணைப்பு முனையின் பிரேக்கர் (மின்னிணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்து வளாகம் தனித்து இயங்க வேண்டும். ‘திற’ என்ற கட்டளை, மின்நிலையக் கருவிகளின் தகவல்தொடர்புக்கான ஐஇசி 61850 தரத்தில் உள்ள ‘கூஸ்’ என்ற விரைவுச் செய்தியாக, ரிலேக்களுக்கிடையே (கோளாறைக் கண்டு பிரேக்கரை இயக்கும் கருவிகள்) போகிறது. கணினி வலைக்குள் புகுந்தவன் அதைப் பதிந்து வைத்துக்கொண்டு, பேட்டரி இறங்கி, ஜெனரேட்டரும் ஓடாமல் கிடக்கும் ஒரு மாலையில் அப்படியே விட்டால்? பெறும் ரிலே பழையதைக் கண்டுபிடிக்காவிட்டால் பிரேக்கர் திறக்கும், வளாகம் இருண்டுவிடும். மறையாக்கம் (செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இங்கே கைகொடுக்காது, அவன் செய்தியைப் படிக்கவே தேவையில்லை. அனுப்பியவர் யார் என்று காட்டும் உறுதிக்குறியும் சரியாகவே இருக்கும். அதை இட்டது உண்மையான ரிலேதானே.

> அப்போது ‘மறுஅனுப்பல் தாக்குதல்’?

இதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். கூஸ் செய்தியே இயல்பாக மறுபடி மறுபடி அனுப்பப்படுவது. பிரேக்கரைத் திறக்கும் செய்தி 3 மில்லிசெகண்டுக்குள் போய்ச்சேர வேண்டும். ‘வந்தது’ என்று பெறும் ரிலே பதில் அனுப்பும் ஏற்பாடு கிடையாது. அதனால் நிலை மாறியதும் அடுத்தடுத்துச் சில முறை விட்டு, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். நிலை மாறினால் ஓர் எண் ஏறும், அதே நிலையைத் திரும்பச் சொன்னால் இன்னோர் எண் ஏறும். பெறும் ரிலே இந்த எண்களையும் நேரமுத்திரையையும் வைத்துப் புதியது எது, பழையது எது என்று பிரிக்க வேண்டும். ‘மறுஅனுப்பல் தடுப்பு’ என்று கையேட்டில் எழுதினால், நல்ல செய்தியையே நிறுத்தச் சொல்கிறோமோ என்று களப்பணியாளர் குழம்புவார்.

‘பழஞ்செய்தித் தாக்குதல்’ என்றால் கோளாறு எங்கே என்று சொல்லிலேயே தெரிகிறது. ‘பழஞ்செய்தித் தடுப்பு’, ‘பழஞ்செய்திச் சோதனை’ என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

ஓர் இடத்தில் இடிக்கலாம். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், சென்ட்ரிஃபியூஜ்களின் (யுரேனியம் செறிவூட்டும் சுழல் இயந்திரங்கள்) இயல்பான அளவீடுகளைப் பதிந்து வைத்து, அவை கெட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கண்காணிப்புத் திரைக்கு அந்தப் பழைய அளவீடுகளையே ஓட்டியது. அளவீட்டைச் ‘செய்தி’ என்பதா என்று கேட்பீர்கள். வலையில் போகும் எதையும் செய்தி என்றே நம் பட்டியலில் முன்பு ஏற்றிருக்கிறோம், அதனால் பொருந்தும் என்பது என் கருத்து.

வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன்: ‘முன்பு முறையாக அனுப்பப்பட்ட செய்தியைப் பதிந்து, பிற்பாடு புதியதுபோல் வலையில் விடும் தாக்குதல்.’ ‘விடும்’ பேச்சுவழக்காகப் பட்டால் ‘செலுத்தும்’ என்று மாற்றிவிடலாம்.