லூப்பில் உருவாகும் வரிகளுக்கு வெவ்வேறு ஐடி தருவது எப்படி?

வைகைக்கரையான்:
வணக்கம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மாமா நடத்தும் கமிஷன் கடைக்காக, வெளியூர் ஆர்டர்களைப் பதியும் வலைப்பக்கம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வருகிறேன். ஒவ்வொரு வரியிலும் பூவின் பெயர், எடை, 'தெர்மாகோல் பெட்டியில் கட்டவும்' என்னும் லேபிளுடன் ஒரு செக்பாக்ஸ் ஆகியவை உண்டு. லேபிளையும் செக்பாக்ஸையும் இணைக்க வரிக்கு வரி வேறு ஐடி வேண்டும் என்பதால், அந்தக் கணத்தின் மில்லிநொடி எண்ணையே ஐடியாக வைத்தேன். கையால் ஒவ்வொன்றாகச் சேர்த்தபோது குறையேதும் தெரியவில்லை. முந்தைய நாளின் 40 வரிகளையும் லூப் மூலம் ஒரே மூச்சில் ஏற்றியபோதுதான், கனகாம்பர வரியின் லேபிளைத் தொட்டால் முதல் வரியில் இருக்கும் மல்லிகைக்கு டிக் விழுந்தது. பிறகு மேத் ரேண்டம் தரும் தற்செயல் எண்ணை எழுத்தும் இலக்கமும் கலந்த சரமாக மாற்றிப் பார்த்தேன். இப்போது சில வரிகளில் மட்டும், ஐடியைக் கொண்டு பக்கத்தின் உறுப்பைத் தேடும் குவெரிசெலக்டர் பிழை காட்டி நிற்கிறது. எது நம்பகமான வழி?

தெப்பக்குளத்தார்:
கணினிக்கு ஒரு மில்லிநொடி நீண்ட நேரம். அதற்குள் பல வரிகள் உருவாகிவிடுவதால் அவை அனைத்துக்கும் ஒரே ஐடி அமைகிறது; அப்படி அமைந்தால், பக்கத்தில் முதலில் வருவதையே பிரௌசர் எடுத்துக்கொள்ளும். ஐடி அந்த ஒரு பக்கத்துக்குள் தனித்து இருந்தால் போதும். மீனாட்சியம்மன் கோயிலின் ஒரு வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் எண் இன்னொரு வாசலிலும் இருப்பதால் எவருடைய செருப்பும் மாறிவிடுவதில்லை அல்லவா? ஆகவே நேரமும் வேண்டாம், ரேண்டமும் வேண்டாம்; பூஜ்யத்தில் தொடங்கும் மாறி ஒன்றை வைத்து, வரி சேரும்போதெல்லாம் ஒன்று கூட்டி, 'வரி-1', 'வரி-2' எனப் பெயரிட்டுச் செல்லுங்கள். திரையில் உள்ள வரிகளை எண்ணி அடுத்த எண்ணைக் கணக்கிட்டுவிடாதீர்கள். ஐந்து வரிகளில் இரண்டாவதை நீக்கினால் எண்ணிக்கை 4 ஆகும்; புதிய வரிக்கு மறுபடியும் 5 வந்து, ஏற்கெனவே இருக்கும் 'வரி-5' உடன் மோதும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு ஞாயிறு முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

மேலூர்வாசி:
குவெரிசெலக்டர் பிழைக்குக் காரணம் வேறு. எச்டிஎம்எல்லின் இன்றைய விதிப்படி ஐடி இலக்கத்தில் தொடங்கலாம், நடுவே இடைவெளிதான் கூடாது. குவெரிசெலக்டர் பின்பற்றும் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி) விதியோ இலக்கத்தில் தொடங்கும் பெயரை அப்படியே ஏற்பதில்லை. முன்னால் 'வரி-' என்று வந்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். ஆனால் இந்த வரிகளைச் சர்வரில் சேமிக்கும் எண்ணம் இருந்தால், பக்கத்தை மீண்டும் திறக்கும்போது முதலிலிருந்து தொடங்கும் எண் அதற்கு உதவாது. அங்கே பிரௌசரின் கிரிப்டோ வசதியில் உள்ள ரேண்டம்யூயூஐடி என்னும், தற்செயலான ஐடி தரும் ஃபங்ஷன் பொருத்தமானது. 36 எழுத்துக்குறிகள் கொண்ட அந்த ஐடியில் 122 பிட்டுகள் தற்செயலானவை என்பதால், இரு கைபேசிகளில் ஒரே நேரத்தில் ஆர்டர் பதிந்தாலும் மோதல் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்த ஃபங்ஷன் எச்டிடிபிஎஸ் (மறையாக்கப்பட்ட இணைப்பு) முகவரியிலும் லோக்கல்ஹோஸ்டிலும் (அதே கணினியில் இயங்கும் பக்கம்) மட்டுமே கிடைக்கும். கடையின் வைஃபையில் கணினியின் ஐபி முகவரியை வெறும் எச்டிடிபியில் கைபேசி வழியே திறந்தால், அப்படியொரு ஃபங்ஷனே இல்லை என்று பிழை வரும்.

திருமங்கலத்தான்:
செக்பாக்ஸை லேபிளுக்குள்ளேயே வைத்துவிட்டால் ஐடியே தேவையில்லையே! பூவின் பெயரையே ஐடியாக்கும் ஆசை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஒரே பூ இரண்டு வரிகளில் வரும் என்பது ஒருபுறமிருக்க, 'மரிக்கொழுந்து' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுத முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நார்மலைஸ் செய்யாமல் (இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றாமல்) ஒப்பிட்டால் கணினிக்கு வெவ்வேறு.

வைகைக்கரையான்:
மூவருக்கும் நன்றி. செக்பாக்ஸை லேபிளுக்குள் நகர்த்திவிட்டேன். எடைக்கான லேபிளும் கட்டமும் அட்டவணையின் வெவ்வேறு அறைகளில் இருப்பதால் அவற்றுக்கு ஐடி வேண்டியிருந்தது. அங்கே 'வரி-' எண்ணை வைத்து 40 வரிகளையும் ஏற்றிப் பார்த்தேன், ஒவ்வொரு லேபிளும் தன் கட்டத்தையே திறக்கிறது. சர்வரில் சேமிக்கும் வேலையை எச்டிடிபிஎஸ் அமைத்த பிறகு தொடங்குவேன்.