டியூராலுமின் (செம்பு கலந்த அலுமினியக் கலவை) தகடு: காய்ச்சித் தண்ணீரில் முக்கியதும் மெத்தென்று வளைகிறது, மறுநாள் விரிசல் விடுகிறது. ஏன்?

தகடன்:
எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் அந்த நொடியே விறைத்துவிடும். 2017 என்ற எண்ணுள்ள டியூராலுமின் தகடு (1.2 மி.மீ.) நேர்மாறாக இருக்கிறது. 500 டிகிரியிலிருந்து எடுத்து முக்கியவுடன் சுலபமாக வளைகிறது. மறுநாள் மடித்தால் மடிப்பிலேயே பிளக்கிறது. இடையில் உள்ளே என்ன நடக்கிறது? இந்தக் குணத்தோடு அந்தக் காலத்துச் செப்பலின் வான்கப்பல், ஜங்கர்ஸ் விமானப் பட்டறைகளில் எப்படிச் சமாளித்தார்கள்?

உலைக்களம்:
ஜெர்மன் உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம் 1906-ல் பெர்லின் பக்கத்து நொய்பாபெல்ஸ்பெர்க்கில் கண்டுபிடித்ததே இதுதான். உரிமம் டியூரன் நகரத்து ஆலைக்குப் போனது, பெயரும் அங்கிருந்து வந்தது.

சுமார் 4% செம்பு, மக்னீசியமும் மாங்கனீசும் அரை அரை சதவீதம். 500 டிகிரியில் செம்பு முழுக்க அலுமினியத்தில் கரைந்திருக்கும். அறை வெப்பத்தில் அரை சதவீதம்கூடக் கரையாது. சட்டென்று குளிர்வித்தால் மீதிச் செம்புக்குப் பிரிந்துபோக நேரம் கிடைக்காமல் மாட்டிக்கொள்கிறது. அப்போது உலோகம் மென்மை. பிறகு மணிக்கணக்கில் செம்பு அணுக்கள் ஓரிரு அணு கனமுள்ள தட்டுகளாகக் கூடி, படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதைத் தடுக்கின்றன. முதல் 24 மணி நேரத்தில் பெரும்பகுதி ஏறிவிடும், நான்கு நாளில் முழு வலிமை. இதைத்தான் முதிர்வு என்கிறோம். இழுவிசை வலிமை மென்மைப்படுத்திய நிலையில் 180 மெகாபாஸ்கல் என்றால், முதிர்ந்தபின் 420-ஐத் தாண்டும். காரணம் புரிந்தது வெகு தாமதமாக: 1938-ல் கினியே, பிரெஸ்டன் இருவரும் தனித்தனியே எக்ஸ்ரே வழியாகப் பார்த்த பிறகுதான்.

ரிவெட்தலை:
செய்முறைக்கு வருவோம். 2017-க்கு 495 முதல் 510 டிகிரி. அதற்கு மேல் சில டிகிரி போனாலே மணிகளின் (உலோகத்துக்குள் இருக்கும் சிறு படிகங்களின்) எல்லையில் உருகத் தொடங்கும். அப்படிப் போன தகட்டை மீட்க வழியே இல்லை, கழிவுதான். அலுமினியம் சிவக்காது, ஆகவே கண்ணை நம்பாமல் தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பியை) தகட்டோடு ஒட்டி வையுங்கள். காற்று உலையில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறட்டும்.

பலர் கோட்டை விடுவது உலைக்கும் தொட்டிக்கும் நடுவில். பத்து நொடிக்குள் தண்ணீரில் இருக்க வேண்டும், தண்ணீர் 38 டிகிரிக்குக் கீழே. தாமதித்தால் செம்பு மணி எல்லைகளில் படிந்துவிடும். வலிமை குறைவதோடு, பின்னாளில் அந்த எல்லை வழியே அரிப்பு உள்ளே இறங்கும், வெளியே தெரியாது. தகட்டை விளிம்பு முன்னாக இறக்குங்கள், படுக்கப் போட்டால் முறுக்கிக்கொள்ளும். காற்று உலைக்குப் பதில் உருகிய நைட்ரேட் உப்புத் தொட்டியில் காய்ச்சுவதென்றால் எண்ணெய்ப்பசையோ ஈரமோ இருக்கவே கூடாது, வெடிக்கும்.

வளைப்பதை ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். முடியாவிட்டால் உறைபெட்டியில் -18-க்குக் கீழே வையுங்கள், முதிர்வு மந்தமாகும். முதிர்ந்த தகட்டையே மடித்தாக வேண்டுமானால் உள்வளைவு ஆரம் தடிமனைப்போல் நான்கு மடங்காவது வேண்டும்.

பழையவானூர்தி:
வரலாற்றுப் பகுதிக்கு நான். விக்கர்ஸ் கட்டிய மேஃப்ளை வான்கப்பல்தான் டியூராலுமினை நம்பிய முதல் பெரிய முயற்சி; 1911-ல் கொட்டகையிலிருந்து வெளியே இழுக்கும்போதே முறிந்தது. எடையைக் குறைக்கச் சட்டகத்தை மெலிவாக்கியது காரணம், உலோகத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. செப்பலின்கள் 1914-ன் எல்இசட் 26-ல் இருந்து இதற்கு மாறின.

ஜங்கர்ஸின் 1915 ஜே 1 விமானம் முழு எஃகு. பறந்தது, ஆனால் கனம். அடுத்துதான் டியூராலுமின், 1919 ஜூனில் பறந்த எஃப் 13 அதன் உச்சம். நெளிவுத் தகடு அழகுக்கு அல்ல: மெல்லிய தட்டைத் தகடு அமுக்கத்தில் மடங்கிவிடும், நெளித்தால் ஒரு திசையில் விறைப்பு வரும். விலையாகக் காற்றெதிர்ப்பைக் கொடுத்தார்கள். வெல்டிங் ஆகாது, சூடுபட்ட இடம் வலிமையை இழக்கும். அதனால்தான் அத்தனை ரிவெட்டுகள் (தகடுகளைக் கோக்கும் தறையாணிகள்).

உப்புக்காற்று இதன் எமன். 1923-ல் பிரிட்டனில் குரோமிக் அமில ஆனோடைசிங் (மின்சாரம் பாய்ச்சி மேலே காப்பு ஆக்சைடு படலம் வளர்ப்பது) வந்தது. பின் அமெரிக்காவில் அல்கிளாட்: இருபுறமும் தூய அலுமினியப் படலம்.

தகடன்:
நன்றி. விரிசல் விட்டதை மறுபடி காய்ச்சி முக்கினால் சரியாகுமா? ரிவெட்டுக்கும் இதே கெடுதானா?

ரிவெட்தலை:
விரிசல் ஒட்டாது, வெட்டி எறியுங்கள். விரிசல் விடாத வெறும் தகட்டை மறுபடி காய்ச்சலாம். அல்கிளாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள், செம்பு மேற்படலத்துக்குள் ஊடுருவி, காப்பே போய்விடும். 2017 ரிவெட்டை உறைபெட்டியிலிருந்து எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், 2024 என்ற இன்னொரு கலவை என்றால் 10 முதல் 20 நிமிடம். மிஞ்சியதை மறுபடி காய்ச்சாமல் பெட்டிக்குள் போடக் கூடாது. இந்த அவசரமெல்லாம் வேண்டாமென்றால் 2117 கலவை ரிவெட் வாங்குங்கள்: வலிமை கொஞ்சம் குறைவு, வந்தபடியே அடிக்கலாம்.