ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளியில் படித்தவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தேரிக்காட்டுப் பெண்:
கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஓலைக் கொட்டகையில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்து ஆரம்பித்த பள்ளி எங்களுடையது. என் காலத்தில் ஓடு போட்டாகிவிட்டது, தலைமையாசிரியை ஒரு சிஸ்டர். பதநீர் சீசன் வந்தால் பாதி வகுப்பு காலி, எல்லாரும் பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குப் போய்விடுவோம். நாலாம் வகுப்பில் நானும் நின்றுவிட்டேன். ஒருநாள் மத்தியானம் சிஸ்டர் தேரிச் செம்மணலில் நடந்து விடிலிக்கே வந்துவிட்டார். அம்மா பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் திட்டவில்லை. பையிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, "அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு" என்றார். நான் வாசிக்க வாசிக்க அம்மாவின் கை துடுப்போடு அப்படியே நின்றுவிட்டது. நான் வாசித்து அவள் அதுவரை கேட்டதே இல்லை. பாகு அடிப்பிடித்து அன்றைய கருப்பட்டி முழுக்க வீண். அப்பாவிடம் என்ன சொல்லிச் சமாளித்தாளோ, மறுநாள் என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டாள்.

ராதாபுரம் பக்கம்:
அக்கா, உங்கள் சிஸ்டரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆர்.சி. பள்ளி என்றால் எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புனிதர் தேவசகாயம் பிள்ளை 1745ல் ஞானஸ்நானம் வாங்கிய வடக்கன்குளத்திலேயே, 1872ல் கட்டிய சர்ச்சுக்குள் நாடாருக்கும் வெள்ளாளருக்கும் நடுவே சுவர் இருந்தது. பாதிரியார் கௌசானல் சாமி 1910ல் அதை இடித்ததற்கு வெள்ளாளர்கள் கோர்ட் வரை போனார்கள். நான் படித்தது வேறு ஊர். அங்கே ஒரு சார் எங்கள் தெருப் பிள்ளைகளை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், தெருப் பெயர்தான். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி, "உன் பேர் என்னப்பா?" என்று கேட்டதும் என் பக்கத்தில் இருந்தவன் எழுந்து தெருப் பெயரைச் சொன்னான். சார் சிரித்தார். நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
நான் படித்தது அரசுப் பள்ளி, மகன்தான் ஆர்.சி. முதல்முதலாகக் காலை உணவு போட்ட அன்று, வீட்டில் கிச்சடியைத் தொடாதவன் அங்கே தட்டை வழித்துச் சாப்பிட்டான். பார்த்துக்கொண்டே நின்றேன். கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு அந்தத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியில்தான் தொடங்கியது. பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் முதலில் பெயர்ப்பலகையைப் பாருங்கள். 'அரசு உதவி பெறும்' என்று இருந்தால் ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம். படிப்புக்குக் கட்டணம் இல்லை, புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் இலவசம். அதே காம்பவுண்டில் மெட்ரிக் பள்ளியும் இருந்தால் அதற்குக் கட்டணம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். யாராவது பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். நிர்வாகம் தானாகப் போட்டுக்கொண்ட டீச்சர் எத்தனை பேர் என்பதையும் விசாரியுங்கள், அவர்கள் சம்பளம் நிர்வாகத்தின் பொறுப்பு. அப்புறம் தம்பி, அந்த சார் மாதிரி ஆட்கள் இன்றும் இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். சும்மா விடக்கூடாது.

ராதாபுரம் பக்கம்:
எழுத்தில் யாரிடம் கொடுப்பது அக்கா? அந்த அதிகாரி முன்னால்தானே எல்லாம் நடந்தது. அவர் அடுத்த பையனிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்கப் போய்விட்டார்.