வெயிலில் வைத்த ஸ்க்ரீன்: முதல் தடவை கோடு திறக்கவில்லை, அடுத்த தடவை எமல்ஷனே வழிந்துவிட்டது

கேள்வி:
ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் துணிப்பையில் அச்சடிக்க 43டி மெஷ் (செ.மீ.க்கு 43 இழை உள்ள வலைத்துணி), மரச்சட்டம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கோட் எமல்ஷன் (வெளிச்சம் பட்ட இடம் இறுகி, படாத இடம் தண்ணீரில் கழுவித் திறக்கும் பூச்சு). பாசிட்டிவ் (வெளிச்சத்தை மறைக்கும் கறுப்புப் படம்) தெளிவான ஓஹெச்பி ஷீட்டில் எடுத்த லேசர் பிரிண்ட், அதன்மேல் 5 மி.மீ. கண்ணாடி. முதல் ஸ்க்ரீனை மதியம் 12 மணி வெயிலில் 2 நிமிடம் வைத்தேன். பெரிய எழுத்து திறந்தது. அரை மி.மீ. கோடுகள் எவ்வளவு தண்ணீர் அடித்தும் திறக்கவில்லை. ஓவர் எக்ஸ்போஸ் ஆகிவிட்டது, அதாவது வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று அடுத்த ஸ்க்ரீனுக்கு 40 விநாடிதான் கொடுத்தேன். கழுவும்போதே உள்பக்கம் (மை ஊற்றும் பக்கம்) கொழகொழவென்று வழிந்து, எழுத்தின் ஓரமெல்லாம் பிய்ந்துவிட்டது. எவ்வளவு நேரம் வைப்பது சரி?

பதில் 1:
உள்பக்கம் கொழகொழத்தால் வெளிச்சம் அடிவரை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். 40 விநாடி போதாது. கோட்டும் தடிமன், துணிப்பைக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு கோட் போதும்.

பாசிட்டிவை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கறுப்புக்குள் குழாய் மங்கலாகத் தெரிந்தாலே வெயில் ஊடுருவும். பெரிய எழுத்து அதைத் தாங்கும், மெல்லிய கோடு அடைத்துக்கொள்ளும். ஒரே பிரிண்டை இரண்டு எடுத்து, பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிவிடுங்கள்.

இன்னும் இரண்டு விவரம் வேண்டும். சென்சிடைசர் (எமல்ஷனை வெளிச்சத்தில் இறுகவைக்கக் கலக்கும் மருந்து) என்ன? கோட் போட்டு எவ்வளவு நேரம் கழித்து வெயிலில் வைத்தீர்கள்?

கேட்டவர்:
தண்ணீரில் கரைத்துக் கலக்கும் ஆரஞ்சு நிறப் படிகம் அண்ணா. முதல் ஸ்க்ரீன் மூன்று நாள் பீரோவுக்குள் இருந்தது. இரண்டாவது முந்தின இரவு கோட் போட்டது.

பதில் 2:
காரணம் அந்த மூன்று நாள்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அமோனியம் பைக்ரோமேட். அது கலந்த எமல்ஷன் காய்ந்துவிட்டால் இருட்டிலும் தானாக இறுகிக்கொண்டே போகும். நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரப்பதத்துக்கும் இன்னும் வேகமாக. முதல் ஸ்க்ரீன் வெயிலைப் பார்ப்பதற்கு முன்பே பாதி இறுகியிருக்கும். ஆக, பழைய கோட்டின் முடிவை வைத்துப் புதுக் கோட்டின் நேரத்தைக் குறைத்துவிட்டீர்கள். பைக்ரோமேட் என்றால் காய்ந்த அன்றே எக்ஸ்போஸ் செய்யுங்கள். கோட் போட்டு வாரக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் டயசோ (பைக்ரோமேட் இல்லாத வேறு சென்சிடைசர்) எமல்ஷன் வாங்குங்கள். வெயிலில் அதற்கு நேரம் கூடுதல்.

நேரத்தை யாரும் சொல்லிக் கேட்காதீர்கள், உங்கள் ஸ்க்ரீனிலேயே சோதியுங்கள். மெல்லிய கோடுள்ள ஒரு பாசிட்டிவை வைத்து, முழுவதற்கும் 30 விநாடி கொடுங்கள். பிறகு 30 விநாடிக்கு ஒருமுறை கறுப்பு அட்டையால் இரண்டு விரல் அகலம் மூடிக்கொண்டே வந்தால் ஆறு பட்டை கிடைக்கும்: 30 விநாடியில் தொடங்கி 3 நிமிடம் வரை. கழுவிய பின் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். கொழகொழப்பு இல்லாமல், கோடும் திறந்திருக்கிற பட்டைதான் உங்கள் நேரம். மேகம் வந்தாலும், காலை வெயிலுக்கு மாறினாலும் மறுபடி சோதிக்க வேண்டும். 11 முதல் 1 மணிக்குள் வைத்துக்கொண்டால் தொல்லை குறைவு.

அடுக்கும் முறையும் முக்கியம். கீழே பலகை. அதன்மேல் கறுப்புத் துணி சுற்றிய ஸ்பாஞ்ச், சட்டத்தின் உயரத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக. அதன்மேல் ஸ்க்ரீன், துணியில் படும் பக்கம் மேலே. டோனர் (பிரிண்டின் கறுப்புத் தூள்) பக்கம் எமல்ஷனைத் தொடும்படி பாசிட்டிவைக் கவிழ்த்து வையுங்கள்; எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் சரி. கடைசியாகக் கண்ணாடி. ஷீட்டுக்கும் எமல்ஷனுக்கும் நடுவே தாள் கனம் இடைவெளி இருந்தாலும் வெயில் பக்கவாட்டில் புகுந்து கோட்டைத் தின்றுவிடும். லேமினேட் கண்ணாடி வேண்டாம், புற ஊதாவைத் தடுத்துவிடும். மாடிக்குக் கொண்டுபோகும்போது மொத்தத்தையும் கறுப்புத் துணியால் மூடியே கொண்டுபோங்கள்.

பதில் 3:
கையுறை கட்டாயம். பைக்ரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. தூளை மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். மிச்சக் கரைசலைக் கிணற்றடியிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் டயசோவுக்கு மாறிவிடுவதே நல்லது.

மதியம் மாடி டேங்க் தண்ணீர் சுடும், அதில் கழுவினால் ஓரம் இளகும். வாளியில் பிடித்து ஆறவைத்த தண்ணீரை இரண்டு பக்கமும் தெளித்து, ஒரு நிமிடம் ஊறவிட்டு, வெளிப்பக்கத்திலிருந்து மெதுவாக அடியுங்கள்.

கேட்டவர்:
சோதித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கோட், இரட்டை பாசிட்டிவ், அன்றே காய்ந்தது. காலை 11.30க்கு ஒன்றரை நிமிடப் பட்டையில் கோடு எல்லாம் திறந்தது, உள்பக்கமும் கெட்டி. ஆனால் ஊசிமுனை அளவு ஓட்டைகள் ஏழெட்டு இருக்கின்றன.

பதில் 2:
அது தூசி, இல்லையென்றால் எண்ணெய்ப் பிசுக்கு. கோட் போடுமுன் மெஷ்ஷைப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து, அலசிக் காயவிட்டு, அதன்பின் மெஷ்ஷில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் துடையுங்கள். இப்போதுள்ள ஓட்டைகளில் மெல்லிய தூரிகையால் எமல்ஷன் தொட்டுவைத்து, காய்ந்ததும் மறுபடி 5 நிமிடம் வெயிலில் காட்டுங்கள். அதற்கு முன் அச்சடித்தால் தண்ணீர் கலந்த மையில் அந்தப் புள்ளிகள் கரைந்துவிடும்.