மாலத்தீவுக்கு 42 கோடி முட்டை: யாரு திங்கா?

கணக்குப்பிள்ளை (காலை 7.40)
நேத்து விலைவாசி இழையில ஒரு அண்ணாச்சி, "நம்ம முட்டையெல்லாம் மாலத்தீவுக்குப் போவுது, அதான் நாகர்கோவில்ல விலை ஏறுது"ன்னு எழுதியிருந்தாரு. ராத்திரி தூக்கம் வரல்ல. 1981 இந்தியா-மாலத்தீவு வர்த்தக ஒப்பந்தப்படி, இன்ன சரக்கை இவ்வளவு வரைக்கும் அனுப்பலாம்னு டெல்லி வருசாவருசம் அனுமதி குடுக்கும். 2024-25-க்கு அரிசி 1,24,218 டன், கோதுமை மாவு 1,09,162 டன், வெங்காயம் 35,749 டன், முட்டை 42.75 கோடி. 2023-24-ல இந்தியா முழுக்க உற்பத்தியான முட்டை 14,277 கோடி. ஆயிரத்துக்கு மூணு முட்டை. அந்த மூணுதான் உமக்கு விலையை ஏத்துதா?

வடசேரிச் சந்தை (7.52)
எழுதினது நான்தான் வே. பேரைச் சொல்லியே திட்டலாம், கோவிக்க மாட்டேன். மாலத்தீவு ஜனத்தொகை 2022 கணக்கெடுப்புல 5.15 லட்சம். 42.75 கோடியை அதால வகுத்துப் பாரும். ஆளுக்கு வருசம் 830 முட்டை. கைக்குழந்தை உட்பட ஒரு நாளைக்கு ரெண்டே கால். யாரு திங்கா?

தூத்தூர் ஆழ்கடல் (8.05)
சுற்றுலா வாற வெள்ளைக்காரன் திங்கான். அவனுக்கு ஆம்லெட் இல்லாம விடியாது.

வடசேரிச் சந்தை (8.11)
அதையும் போட்டாச்சு. 2024-ல 20 லட்சம் பேரு போனான். ஆளுக்கு ஒரு வாரம் தங்கினாலும் தினசரி 38,000 பேருதான் கூடுவான். அப்பவும் 770 சொச்சம். நம்ம நாட்டுல 2023-24-ல ஆளுக்கு வருசம் 103. கணக்குப்பிள்ளைன்னு பேரு வச்சவரு இதை ஏன் கணக்குப் போடல்ல?

கணக்குப்பிள்ளை (8.30)
அது உச்சவரம்பு அண்ணாச்சி. "இதுக்கு மேல போவாண்டாம்"னு அர்த்தம். அவ்வளவும் போச்சுன்னு அர்த்தமில்ல. கல்யாணத்துக்கு ஆயிரம் இலை வாங்கினா ஆயிரம் பேரா வந்தான்?

வடசேரிச் சந்தை (8.33)
உச்சவரம்போ அச்சுவெல்லமோ, எனக்கு அது வேண்டாம். 830. யாரு திங்கா?

மார்த்தாண்டம் தேன் (9.10)
முட்டையை விடுங்க. அதே பட்டியல்ல ஆத்து மணல் 10 லட்சம் டன், கருங்கல் ஜல்லி 10 லட்சம் டன் கெடக்கு. முந்தின வருசத்தை விட நூத்துக்கு 25 கூட்டியிருக்கு. அதை ஒருத்தரும் பேசல்ல. எனக்க வீட்டு முன்னால டிப்பர் லாரி விடியக்காலம் நாலு மணிக்கே ஓட்டம். சன்னல் கண்ணாடி ரெண்டு தடவை மாத்தியாச்சு.

கணக்குப்பிள்ளை (9.22)
உங்க வீட்டு முன்னால போற கல்லு களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குப் போற கல்லு. மாலத்தீவுக் கல்லு தூத்துக்குடியில கப்பல் ஏறும். பவளத் திட்டு மேல உள்ள ஊரு, கட்டடம் கட்டக் கல்லுக்கு எங்க போவான்?

மார்த்தாண்டம் தேன் (9.25)
எங்க போனாலும் மலை நம்ம மலைதானே பிள்ளே. கேரளாக்காரன் கொண்டு போனா வலிக்காதோ உமக்கு?

தூத்தூர் ஆழ்கடல் (9.41)
நான் ஒண்ணு கேக்கேன். நம்ம முட்டை போகலாம், நம்ம கல்லு போகலாம், நம்ம படகு போகப்படாது. 2023 அக்டோபர்ல தூத்துக்குடிப் பக்கம் தருவைகுளம் படகையும் 12 பேரையும் மாலத்தீவுல பிடிச்சு வச்சு, கோடிக்கணக்குல அபராதம் போட்டானுவ. நாங்க சுறாவுக்குப் போற ஆளுக. எல்லை எங்கன்னு காத்துக்கும் நீரோட்டத்துக்கும் தெரியுமா? அரிசி அனுப்புற கப்பலை ஒரு மாசம் நிறுத்தட்டும், அப்ப தெரியும்.

கணக்குப்பிள்ளை (9.50)
அரிசியை நிறுத்தினா பட்டினி கெடக்கிறது அங்க உள்ள மீன்பிடிக்காரன் பிள்ளையும்தான். 2023 ஜூலையில வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தப்பவும், டிசம்பர்ல வெங்காயத்தைத் தடுத்தப்பவும் மாலத்தீவுக்கு ஒதுக்கீடு தனியா இருந்தது. ஒப்பந்தம்னா அதுதான்.

வடசேரிச் சந்தை (9.58)
பாத்தீரா, வாயில இருந்தே வந்தாச்சு. நமக்குத் தட்டுப்பாடு, அவனுக்குத் தனி ஒதுக்கீடு! அங்க இருந்து நமக்கு என்ன வருது? பழைய இரும்பு. ஒரு பக்கம் முட்டை, மறுபக்கம் துருப்பிடிச்ச தகரம். நல்ல வியாபாரம்.

தூத்தூர் ஆழ்கடல் (10.03)
மாசிக் கருவாடு வருதே.

வடசேரிச் சந்தை (10.06)
எனக்க கடையில விக்கிறது மினிக்காய் மாசி. அது லட்சத்தீவு, நம்ம நாடு. மாலத்தீவு மாசி கொழும்புக்குப் போவும். சூரை மீனுக்கும் மாசிக்கும் இடையில எத்தனை நாள் புகைன்னு தெரியாம கடல் பேரை வச்சுக்கிட்டு வந்திருக்கீரு.

தூத்தூர் ஆழ்கடல் (10.09)
சூரையைப் பத்தி வடசேரியில இருந்து எனக்குப் பாடமா? கடலை நீரு கன்னியாகுமரிக்கு வண்டி ஏறிப் போய்ப் பாத்த ஆளு வே.

வடசேரிச் சந்தை (10.15)
2016-ல நம்ம கடற்கரை ஊரு இனயத்துல துறைமுகம் வரப்போகுதுன்னு சொன்னப்ப கறுப்புக்கொடி கட்டினது யாரு? கட்டவிட்டிருந்தா இந்தச் சரக்கெல்லாம் நம்ம ஊருல ஏறியிருக்கும். இப்ப பாரும், 2020 செப்டம்பர்ல தூத்துக்குடி, கொச்சி, மாலேன்னு கப்பல் விட்டான். நடுவுல நாம வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கோம்.

தூத்தூர் ஆழ்கடல் (10.18)
கட்டினோம், இனியும் கட்டுவோம். உமக்க கடை மேல அலைத்தடுப்புச் சுவர் கட்டினா சும்மா இருப்பீரா? இனயத்துக்காரன் வீட்டை எடுத்து உமக்கு முட்டை ஏத்தணுமாக்கும்!

மார்த்தாண்டம் தேன் (10.30)
1741-ல குளச்சல்ல டச்சுக்காரனைப் பிடிச்ச மண்ணு இது. இப்ப ஒரு முட்டைக்கு அடிபிடி.

வடசேரிச் சந்தை (10.32)
அந்தச் சண்டையும் வியாபாரத்துக்குத்தான், மிளகுக்கு. தேன்காரரு இனி அந்த டச்சுத் தளபதி டிலனாய் கல்லறைக்குப் போய்க் கேட்டுச் சொல்லட்டும், 830 யாரு திங்கான்னு.

கணக்குப்பிள்ளை (10.47)
சரி, நானே கேக்கேன். நேத்து உங்க கடையில முட்டை 7 ரூவா. எதிர்க்கடையில 6.50. அந்த அம்பது பைசாவும் மாலத்தீவுக்கா போச்சு?

வடசேரிச் சந்தை (10.49)
எனக்க முட்டை நாமக்கல் முட்டை, பெருசு. உடைஞ்சா மாத்தித் தருவேன். எதிர்க்கடைக்காரன் தருவானா? பேச்சை மாத்தாண்டாம்.

கணக்குப்பிள்ளை (10.51)
அவனும் நாமக்கல்தான்.

வடசேரிச் சந்தை (10.52)
கடையில ஆளு நிக்கு, மத்தியானம் வாறேன். அதுக்குள்ள 830-க்கு விடை எழுதி வையும். உச்சவரம்புன்னு எழுதினா படிக்க மாட்டேன்.

மார்த்தாண்டம் தேன் (11.20)
இப்பவும் ஒரு டிப்பர் போச்சு.