வேலையை விடாமல் வரலாற்று நாவல் எழுத முடியுமா? வால்டர் ஸ்காட்டின் அன்றாடம் பற்றி ஒரு கேள்வி

பெரம்பூர் வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகளாக பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் படிவம்) தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். என் தாத்தாவின் தகப்பனார் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) நெசவாலையில் தறி ஓட்டியவர். 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தையும், அதையொட்டிப் புளியந்தோப்பில் மூண்ட கலவரத்தையும் நாவலாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான்கு ஆண்டுகளில் அறுபது பக்கம்தான் எழுத முடிந்தது. இரவு எட்டரைக்கு வீடு திரும்பினால் பேனாவைப் பிடிக்கத் தெம்பு இருப்பதில்லை. வேலையை விட்டுவிட்டு ஓராண்டு உட்கார்ந்து எழுதலாமா என்று யோசிக்கிறேன். வரலாற்று நாவலின் முன்னோடி எனப்படும் ஸ்காட்லாந்துக்காரர் வால்டர் ஸ்காட், நீதிமன்ற வேலையில் இருந்துகொண்டே எழுதினாராம். அவர் எப்படி நேரம் ஒதுக்கினார் என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ராயபுரம் பெரியவர்:

தம்பி, வேலையை விட்டுவிடாதீர்கள். ஸ்காட்டை முப்பது ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1799இல் செல்கர்க் பகுதியின் ஷெரீப் (வட்டார நீதிபதி) பதவியும், 1806இல் எடின்பரோ உயர் நீதிமன்றத்தில் எழுத்தர் பதவியும் அவருக்குக் கிடைத்தன. முன்னதைச் சாகும்வரையிலும் பின்னதை 1830 வரையிலும் அவர் விடவில்லை. எழுத்து தனக்குக் கைத்தடியாக இருக்கலாம், கக்கத்தில் இடுக்கி உடலையே சாய்க்கும் ஊன்றுகட்டையாக ஆகிவிடக் கூடாது என்று அவர் கருதினார். குழந்தைப் பருவத்து இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் ஊனமாகி, வாழ்நாளெல்லாம் விந்தி நடந்தவருக்குத் தோன்றிய உவமை அது.

காலை ஐந்து மணிக்கு எழுந்து, கணப்பைத் தாமே மூட்டி, சவரம் செய்து உடுத்திக்கொண்டு, ஆறு மணிக்கு மேசையில் அமர்ந்துவிடுவார். தாள்கள் முன்னால் அடுக்கியிருக்க, பார்க்க வேண்டிய புத்தகங்கள் தரையில் சுற்றிக் கிடக்க, காலடியில் ஒரு நாயாவது படுத்திருக்கும். ஒன்பது, பத்து மணியளவில் வீட்டார் காலை உணவுக்குக் கூடும்போது அன்றைய எழுத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும். 1814 ஜூன் மாதத்தில், அவர் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு வீட்டில் விருந்துக்குக் கூடிய இளைஞர்கள், எதிர் ஜன்னலில் முகம் தெரியாத ஒரு கை மட்டும் ஓயாமல் எழுதுவதையும், எழுதி முடித்த தாள்கள் குவிவதையும் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள். அந்தக் கைதான் அவருடைய முதல் நாவலான வேவர்லியின் கடைசி இரண்டு பாகங்களை மூன்றே வாரங்களில் முடித்தது. அந்த நாவல் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கப்பட்டு, இழுப்பறையில் மறந்து கிடந்து, தூண்டில் சாமான் தேடும்போது அகப்பட்டது. உங்கள் அறுபது பக்கமும் அப்படிக் காத்திருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

அந்த வேகம் அலுவலகத்தில் பழகியது. தந்தையின் வழக்கறிஞர் அலுவலகத்தில் தொழில் பழகிய வயதில், 120க்கும் மேற்பட்ட பெரிய தாள்களைச் சோறு தண்ணீர் இல்லாமல் ஒரே மூச்சில் படியெடுத்தவர் அவர். பதினேழு ஆண்டுகளாகப் படிவம் எழுதும் உங்கள் கைக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

தண்டையார்பேட்டை ஆசிரியை:

பெரியவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஸ்காட்டை எல்லாவற்றிலும் பின்பற்ற வேண்டாம். அச்சகம் ஒன்றில் இரகசியப் பங்குதாரராக இருந்து, 1826இல் அது நொடித்தபோது சுமார் 1,20,000 பவுன் கடன் அவர் தலையில் விழுந்தது. திவாலாகித் தப்பிக்க மறுத்து, எழுதியே அடைப்பதாக ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு மே மாதம் மனைவியும் இறந்தார். பக்கவாதம் வந்த பிறகும் எழுதி, 1832இல் காலமானார். மீதிக் கடன் அவருக்குப் பின் நூல்களின் வருவாயில் அடைந்தது. அந்த நேர்மையை வணங்குகிறேன், ஆனால் கடைசி ஆண்டுகளின் நாவல்களில் அவசரம் தெரிகிறது. வேலையை விட்டால் பணத்துக்காக அப்படி விரட்டி எழுத நேரும் என்பதே என் அச்சம்.

புளியந்தோப்பு மாணவன்:

அண்ணா, நேரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் செய்தி திரட்டிய விதம். வேவர்லியின் களம் பிரிட்டிஷ் அரசை எதிர்த்து ஸ்காட்லாந்தில் மூண்ட 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சி. அதில் வாளேந்திய முதியவரிடமே சிறுவயதில் நேரில் கதை கேட்டவர் ஸ்காட். நாட்டுப்புறக் கதைப்பாடல்களைத் தேடி லிடஸ்டேல் பள்ளத்தாக்குக்கு ஏழு ஆண்டுகள் தொடர்ந்து போனார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசின் கோப்புகள் கிடைக்கும், அவை காவல்துறையின் கண் வழியாகப் பார்த்தவை. 1921இல் வேலைநிறுத்தத்தில் நின்றவர்களும் வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர்களும் மோதிக்கொண்டார்கள், இருதரப்பின் பேரப்பிள்ளைகளும் இன்று இதே தெருக்களில் வாழ்கிறோம். தோற்ற கிளர்ச்சிக்காரர்களையும் வென்ற அரசுத் தரப்பையும் ஸ்காட் மனிதர்களாகவே காட்டினார். நீங்கள் ஒரு வீட்டுக் கதையை மட்டும் கேட்டு எழுதினால் எங்கள் பக்கத்தில் அதைப் படிக்கவே மனம் வராது.

பெரம்பூர் வாசகன்:

மூவருக்கும் நன்றி. ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி காலை ஆறரைக்குத்தான் வரும். நான்கரைக்கு எழுந்தால் குடத்தை வரிசையில் வைக்கும்வரை இரண்டு மணி நேரம் கிடைக்கும். தம்பி சொன்னது உறைத்தது. அந்த வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குத் திரும்பிய ஒருவரின் பேத்தி, எண்பது கடந்தவர், பட்டாளம் பகுதியில் வசிக்கிறார். எங்கள் வீட்டார் அவர்களோடு பேசியதே இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அவரைப் பார்க்கப் போகிறேன்.