ஸ்பானிஷில் ‘சாப்பிடாதே’: ‘நோ கோமே’ ஏன் தப்பு?

கேள்வி

வணக்கம். எட்டு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். ஏவல் வாக்கியம் சுலபமாகத்தான் வந்தது. ஆப்லா என்றால் பேசு, கோமே என்றால் சாப்பிடு. முன்னால் ‘நோ’ சேர்த்தால் எதிர்மறை வந்துவிடும் என்று நினைத்து வீட்டுப்பாடத்தில் ‘நோ கோமே’ என்று எழுதினேன். ஆசிரியை அதை ‘நோ கோமாஸ்’ என்று திருத்திவிட்டார். நான் எழுதியதற்கு ‘அவன் சாப்பிடுவதில்லை’ என்று அர்த்தமாம். அந்த ‘ஆ’ எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில் 1

வேண்டாம், ஒரே வழிதான். நிகழ்காலத்தில் ‘நான்’ வடிவத்தை எடுங்கள்: ஆப்லோ, கோமோ. கடைசி ‘ஓ’வை நீக்குங்கள். வினையின் மூல வடிவம் ‘ஆர்’ என்று முடிந்தால் (ஆப்லார்) ‘எ’ சேருங்கள்; ‘எர்’, ‘இர்’ என்று முடிந்தால் (கோமெர்) ‘ஆ’ சேருங்கள், அதாவது உயிரெழுத்து இடம் மாறுகிறது. அப்புறம் ‘நீ’ என்று பேசுவதற்கு ஒரு ‘ஸ்’. நோ ஆப்லெஸ், நோ கோமாஸ். ‘நீங்கள்’ என்று மரியாதையாகச் சொல்ல அந்த ‘ஸ்’ஸை விட்டால் போதும்: நோ ஆப்லே, நோ கோமா.

இந்த வழியில் போனால் முரண்டு பிடிக்கும் வினைகளும் பெரும்பாலும் தானாக வந்துவிடும். தெசிர், அதாவது சொல்லுதல்: ‘நான் சொல்கிறேன்’ தீகோ, ஆகவே நோ தீகாஸ். செய்தல் ஆகோ, நோ ஆகாஸ். வைத்தல் போங்கோ, நோ போங்காஸ். இதற்குள் அடங்காதவை மிகச் சில, அவற்றை மட்டும் பாடமாக்குங்கள்: நோ செயாஸ் (இருக்காதே, குணத்தைச் சொல்லும்போது), நோ எஸ்தெஸ் (இருக்காதே, நிலையைச் சொல்லும்போது), நோ பாயாஸ் (போகாதே), நோ தெஸ் (கொடுக்காதே).

பதில் 2

தமிழ் பேசும் நமக்கு இது புதிதே இல்லை. நாமும் ‘போ’வுக்கு முன்னால் ஒரு ‘இல்லை’ போடுவதில்லை, ‘போகாதே’ என்று வினையையே மாற்றுகிறோம், மரியாதைக்கு ‘போகாதீர்கள்’. ஆங்கில வழியாக யோசிப்பதால்தான் ‘நோ’ மட்டும் போதும் என்று தோன்றுகிறது.

எனக்கு ரொம்ப நாள் சறுக்கிய இடம் வேறு. ‘அதை என்னிடம் சொல்’ என்பது தீமெலோ, ‘என்னிடம்’, ‘அதை’ இரண்டும் வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ‘சொல்லாதே’ என்றால் அவை பிரிந்து முன்னால் வந்துவிடும்: நோ மெ லோ தீகாஸ். இதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் பழக முடியும்.

பதில் 3

எந்த நாட்டுக்காகப் படிக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஸ்பெயினில் நண்பர்கள் பலரிடம் ‘பேசாதீர்கள்’ என்றால் நோ ஆப்லெயிஸ், லத்தீன் அமெரிக்காவில் நோ ஆப்லென். அர்ஜென்டினாவில் ‘பேசு’ என்பதைக் கடைசி அசையை அழுத்தி ‘ஆப்லா’ என்பார்கள், ஆனால் ‘பேசாதே’க்கு அங்கேயும் நோ ஆப்லெஸ் என்றே சொல்லலாம்.

அறிவிப்புப் பலகையில் ‘நோ ஃபுமார்’, ‘நோ தோக்கார்’ என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே வினையின் மூல வடிவத்தையே எழுதுவார்கள், நம் ஊர் ‘தொடக் கூடாது’ மாதிரி யாரையும் நேராகப் பார்த்துச் சொல்லாத பேச்சு அது.

கேட்டவர்

‘போகாதீர்கள்’ உதாரணத்தில் சட்டென்று புரிந்துவிட்டது, மிக்க நன்றி. முயற்சி செய்கிறேன்: மறத்தல் ஒல்பிதார், நான் மறக்கிறேன் ஒல்பீதோ, ஆகவே ‘அதை மறக்காதே’ என்பது நோ லோ ஒல்பீதெஸ். சரியா?

பதில் 1

சரி. ‘லோ’வையும் சரியான இடத்தில் வைத்துவிட்டீர்கள். அடுத்து ‘தொடாதே’ எழுதிப் பாருங்கள், நோ தோக்கெஸ். ஒலி ‘க்’தான், ஆனால் எழுதும்போது ‘சி’ போய் ‘கியூ, யூ’ வரும்.